மாத்திரை கொடுக்காத டாக்டர் மாப்பிள்ளை பார்த்த கதை

நல்லெண்ணத்தோடு முட்டாள்தனம் செய்வதில் எனக்கு நிகர் நானேதான்.

அப்போது மலையூரான ரிங்லெட் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் புது டாக்டர். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையைத் தயங்காமல் எழுதிக் கொடுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். பலமாகத் தலையாட்டினேன். மறு வாரமே காய்கறி லோரி ஓட்டும் குமார் (பெயரை மாற்றிவிட்டேன்) வந்து, தரையைப் பார்த்தபடி அந்த மாத்திரையைக் கேட்டார். நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்திலேயே வளர்ந்தவர், என் வயதுதான்.

"உனக்கெதுக்கு அதெல்லாம்? நல்ல குடும்பத்துப் பிள்ளையாச்சே!" என்றேன்.

"ஒன்னுமில்ல டாக்டர்" என்று எழுந்து போய்விட்டார்.

நர்ஸ் சரோஜா அக்கா என்னை முறைத்தார். "பிரஷர் மாத்திரைக்கும் குடும்பத்த விசாரிப்பீங்களா? இனி எந்தக் கிளினிக்லயும் அவன் வாயத் தொறந்து கேக்க மாட்டான்லா."

சுருக்கென்றது. அவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

போன் செய்திருக்கலாம். எனக்கோ நேரில் மன்னிப்புக் கேட்கும் வேகம். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு, துணைக்கு அக்காவையும் இழுத்துக்கொண்டு, அவர் வீட்டுக்கே போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வேறு.

வெள்ளிக்கிழமை, பட்டுச்சேலை, பழம், கூடவே ஒரு பெரிய மனுஷி. (அதே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த எனக்கு இது உறைக்கவேயில்லை!) குமாரின் அம்மா பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருஷ்டி கழித்தார். லயமே வாசலில் கூடிவிட்டது.

"பொண்ணே நேர்ல வந்துருச்சு! சாதகம் கொண்டாந்தியாம்மா?" என்றார் குமாரின் அம்மா.

அதற்கு வரவில்லை என்றால், பின்னே எதற்கு என்பார். மாத்திரை விஷயத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. கொடுத்த கேசரியை வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தேன்.

குமார் லோரியை விட்டு இறங்கினார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கிளம்பும்போது மெல்லச் சொன்னேன்: "நான் எதுவும் சொல்லல. அன்னைக்குப் பேசினது என் தப்பு. திங்கக்கிழமை வாங்க."

வந்தார். முதலில் ரத்தப் பரிசோதனை. முடிவு வரும்வரை அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. கிருமி இல்லை. மாத்திரையை எழுதியபோது அழுகை முட்டியது. அதன்பிறகு யார் பிள்ளை என்று பாராமல், கதவைச் சாத்திவிட்டு, எல்லாரிடமும் நானே அந்தப் பேச்சை எடுக்கிறேன்.

சாதகம் பொருந்தவில்லை என்று சரோஜா அக்கா புளுகி என்னை மீட்டார். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் குமார், "அம்மா உங்கள விசாரிச்சாங்க டாக்டர்" என்று சிரிக்கிறார். "லோரிக்காரர் தப்பிச்சார், நான் மாட்டிக்கிட்டேன்" என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்லாத நாளில்லை.

என் அம்மாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம அங்க ஏன்டி போய் நின்ன?"

"ஆசதாம்மா" என்கிறேன்.