வண்டி காணாமல் போனால் முதலில் வருபவர்

வண்டி திருட்டுப்போன வீட்டுக்கு, திருடன் போனபிறகு முதலில் வந்து சேருகிற ஓர் இனம் உண்டு. போலீஸ் இல்லை. போலீஸை நாம்தான் தேடிப் போகவேண்டும். இவர் தானாகவே வருவார். வந்ததும் நாற்காலி கேட்பார்.

எம். புதுப்பட்டியில் இவருக்கு மணிகண்டராஜ் என்று பெயர். சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவர். வரப்போகிற வருடத்துச் சாம்பிள் ஆடி மாதமே அவர் பைக்குள் வந்துவிடும். அதனால் ஊராரைவிட நாலைந்து மாதம் முன்னால் வாழ்வதாக அவருக்கு ஓர் எண்ணம். புரட்டாசி பிறந்த வெள்ளிக்கிழமை, காலை எட்டேமுக்காலுக்கு, அதே பையோடு முனியராஜ் வீட்டுக்குள் நுழைந்தார்.

முனியராஜ் தன் ஆம்னி வேனில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிறவன். தீபாவளி சீசன். வண்டி இல்லையென்றால் கம்பெனி வேறு வண்டியைச் சேர்த்துக்கொள்ளும், பிழைப்பு போய்விடும். ஏழு மணிக்கு வாசலில் வண்டியைக் காணோம். தெருத்தெருவாகத் தேடி அலுத்து, ஸ்டேசனுக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சாவி எங்கன இருந்துச்சு?" என்றார் மணிகண்டராஜ்.

"அது வந்து, அண்ணாச்சி..."

"அதான பாத்தேன்."

பதில் எதற்கு? கேள்வி கேட்டாயிற்று, தீர்ப்பும் சொல்லியாயிற்று. அடுத்து ஆறுதல். "இந்நேரம் கேரளாவுல பார்ட் பார்ட்டா கழட்டிருப்பான். மனச விட்றாத. மல்லாங்கிணறுல எங்க சகலைக்கும் இப்பிடித்தான் கார் போச்சு."

"கெடைச்சுச்சா அண்ணாச்சி?"

"கெடைக்கல. ஆனா கம்ப்ளெய்ண்ட் எழுதுனது நானு."

முனியராஜ் செருப்பைத் தேடினான். "ஸ்டேசனுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"எம்புட்டு அவசரம்! நேரம் பாக்காம போனா எழுதுன பேப்பரு மேசைய விட்டு நகருமாலே?" பையிலிருந்து காலண்டரை எடுத்தார். தேதியைப் பிடித்தார். "ஒம்பதுலருந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம். உக்காரு."

"வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான அண்ணாச்சி ஆரம்பிக்கும்?"

"நீ சொல்றது வாய்க்கணக்கு. இது அச்சு."

சிவகாசிப் பக்கத்தில் அச்சை எதிர்த்து யார் பேசுவது? முனியராஜ் உட்கார்ந்தான்.

ஒன்றரை மணிநேரம் சும்மா போகலாமா? ஒரு பழைய காலண்டர் அட்டையின் முதுகில் புகார் தயாரானது. 'உயர்திரு' என்று தொடங்கி, அடித்து, 'மதிப்பிற்குரிய' என்று எழுதி, அதிலும் திருப்தியில்லாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டு, ஆம்னியின் நிறம் வெள்ளையா பால்வெள்ளையா என்று விசாரித்து, நடுவில் இரண்டு டீயும் குடித்து முடித்தார் மணிகண்டராஜ். டிவி மேலிருந்த முனியராஜின் போன் ஒருமுறை ‘டிங்’ என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை.

"பெரியவங்க பேசும்போது என்னலே இது? கவுத்து வையி."

கவிழ்த்து வைத்தான்.

பத்தேகாலுக்கு அவன் மனைவி சண்முகத்தாய், கம்பெனி மேனேஜரிடம் பேசுவதற்காக அந்தப் போனை எடுத்தாள். டோல் பணம் பிடித்ததாக இரண்டு மெசேஜ் வந்து கிடந்தன. ஒன்பது இருபதுக்குச் சாத்தூர் டோல்கேட். பத்து ஐந்துக்குக் கயத்தாறு டோல்கேட். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக்கைத் திருடன் கிழிக்கவில்லை. அவனுக்கும் யாரும் யோசனை சொல்லியிருக்கவில்லை போலும்.

"நம்ம வண்டி தெக்க போய்க்கிட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் இங்கன டீ குடிச்சிக்கிட்டிருக்கீக!"

"இன்னும் பதினஞ்சு நிமிசம் பொறுத்தா..." என்றார் மணிகண்டராஜ். அதற்குள் அவள் பக்கத்து வீட்டு ஸ்கூட்டியில் தெரு முனையைத் தாண்டியிருந்தாள். ஸ்டேசனுக்குள் கால் வைத்தபோது மணி பத்து நாற்பது. அங்கிருந்து போன் பறந்து, பதினொன்றேகாலுக்கு நாங்குநேரி டோல்கேட்டில் வண்டியை மடக்கிவிட்டார்கள். இரண்டு நாள் பொறுக்கிறேன் என்று மேனேஜரும் ஒத்துக்கொண்டார்.

திரும்பி வந்த சண்முகத்தாய் நாற்காலியோரம் கிடந்த காலண்டரை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது அடுத்த வருசத்துது. தேதி சரி, கிழமை சனி. நான் ஸ்டேசனுக்குள்ள கால் வச்சதுதான் அசல் ராகுகாலம்."

மணிகண்டராஜ் காலண்டரை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"ஒன்னப் பத்தரைக்கு மேல ஸ்டேசன்ல நொழைய வச்சது யாரு? அதச் சொல்லு."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒன்று சொல்லவேண்டும். சாவி எங்கே இருந்தது என்று முனியராஜை இதுவரை யாரும் சொல்லவிடவில்லை. வண்டி கிடைத்துவிட்டது, இனி அது யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் அந்தச் சாவி உங்கள் மனதை இன்னமும் உறுத்திக்கொண்டிருக்கிறது என்றால், வாருங்கள், உட்காருங்கள். மணிகண்டராஜ் இப்போதுதான் எழுந்து போனார். நாற்காலி சூடாகவே இருக்கிறது.