மில்லிவாட் ஐயா சத்தம் போட்ட நாள்

கண்டி வட்டாரத்தில் காற்றில் எவ்வளவு அலை ஓடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கடவுளுக்கு அடுத்தபடியாக எங்கள் மில்லிவாட் ஐயாவிடம்தான் இருந்தது. கடவுளாவது சில நேரம் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

ரேடியோ அலை விடும் எந்தச் சாமானும் எங்கள் அலுவலகத்தில் சோதனை செய்து அனுமதி வாங்கித்தான் கடைக்குப் போகவேண்டும். சோதிப்பவர் ஐயா. அவருக்கு எடுபிடி நான். வாட் என்பதை ஆயிரமாகக் கூறு போட்டால் ஒரு கூறு மில்லிவாட். அதிலும் பாதி போதாதா என்று கேட்கிற மனிதர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டுவாடாவுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

அவர் குரலும் மில்லிவாட்தான். எதிரே உட்கார்ந்தால் உதடு அசைவது தெரியும், சங்கதி வந்து சேராது. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க ஐயா" என்றால், "கிட்ட வாங்க" என்பார். தேநீரில் சீனி கூட இருந்தால் "அளவு மீறிப் போச்சு" என்று திருப்பி அனுப்புவார். ஒருமுறை அம்பிட்டிய பஸ்ஸில் ஒருவன் போனை அலறவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐயா திட்டவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டே வந்தார். ஏதோ முக்கியமான விஷயம் சொல்கிறார் என்று பயந்து அவனே பாட்டை நிறுத்திவிட்டான்.

இப்படிப்பட்டவரிடம்தான் அக்குறணை ரிஸ்வான் ஹாஜியார் மாட்டினார். எலெக்ட்ரிக் கடைக்காரர். தொடாமலே வேலை செய்யும் ரேடார் சுவிட்ச் கொண்டுவந்திருந்தார். அது அலையை வீசி, எதிரே எது அசைந்தாலும் கண்டுபிடித்து மின்விசிறியைப் போடும், மணியடிக்கும். ஐயா மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பவர் கூட. லிமிட்டுக்கு இறக்குங்க."

"ஏலாது சேர். எறக்கினா சின்ன அசைவு அதுக்கு வெளங்காது. ஊட்டுல தம்பி படுக்கையில ஈக்கிறான். கூரையில இருந்து உழுந்ததுல பேச்சும் போச்சு. ஒரு வெரல் மட்டுந்தான் அசையுது. அந்த வெரலுக்குத்தான் இத மாட்டி மணி வெச்சீக்கிறேன்."

இந்த ஒரு தடவை ஐயா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "மணி அடிச்சா ஆள் வருதா?" என்று கேட்டார். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஐயா மீட்டரைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்குறணை பஸ் ஏறினார். நானும் ஏறினேன்.

சின்ன அறை. கட்டிலில் தம்பி. சுவிட்சை அழகுக்காகக் கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே பொருத்தியிருந்தார்கள். நாங்கள் உட்காருவதற்குள் மணி அடித்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

"அது ஒண்டுமில்ல சேர்," என்றார் ஹாஜியார். "பக்கத்து ஹோட்டல்ல கொத்து போடுறாங்க."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொத்துரொட்டிக் கல். அங்கே ரொட்டியைக் கொத்த இரண்டு தகடுகளோடு கை ஆடும்போதெல்லாம் இந்தச் சுவிட்ச் சுவரைத் தாண்டிப் பார்த்து மணியடித்துக்கொண்டிருந்தது. ஊரில் யாருக்குப் பசித்தாலும் தம்பியின் மணி அடிக்கும். தம்பிக்குத் தாகம் எடுத்து அடித்தாலும் கொத்து என்றுதான் வீடு நினைக்கும். கட்டிலில் இருந்து இரண்டு கண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னால் அவற்றைப் பார்க்க முடியவில்லை.

ஐயா கதிரையில் ஏறினார். சுவிட்சைக் கழற்றினார். பவரை லிமிட்டுக்கு இறக்கி, தம்பியின் கையருகே கட்டில் சட்டத்தில், சுவருக்கு முதுகு காட்டும்படி தன் கைக்குட்டையாலேயே கட்டினார். அந்தப் பக்கம் கொத்து தடதடவென்று நடந்தது. மணி வாய் திறக்கவில்லை.

"இப்ப தூக்குங்க தம்பி," என்றார்.

விரல் எழுந்தது. மணி அடித்தது. உள்ளேயிருந்து தம்பியின் மனைவியின் குரல் மட்டும் வந்தது. "கொத்து போல."

அப்போதுதான் அது நடந்தது. மில்லிவாட் ஐயா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "கொத்து இல்லம்மா, உங்க வீட்டுக்காரரு கூப்பிடுறாரு" என்று போட்டார் ஒரு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் கொத்து நின்றது. தெருவில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. அவள் மாவு படிந்த கையோடு ஓடிவந்து கட்டிலருகே நின்றாள். தம்பி மறுபடி விரலைத் தூக்கி, தண்ணீர்க் கூஜாவைக் காட்டினான். அவள் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அழுதாள்.

பவரை இறக்கி, கிட்டப் பொருத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு ஹாஜியாரின் சரக்குக்கு அனுமதி கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் நான் சும்மா இருக்கவில்லை. "லிமிட்ட தாண்டிட்டீங்களே ஐயா" என்றேன். உதடு அசைந்தது. நான் குனிந்தேன்.

"அது என் சத்தம் இல்லீங்க. அந்தத் தம்பியோடது."

ஐயா இப்போது ஓய்வில், அம்பிட்டியவில் இருக்கிறார். குரல் இன்னும் இறங்கிவிட்டது. போனில் சுத்தமாகக் கேட்பதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நேரே போய், கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.