அருமையான கள்ளக்காசு

வெள்ளிக்காசர் என்றொரு இனம் உண்டு. பார்த்தால் நம்மைப் போலவே இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், பேருந்தில் நின்றுகொண்டே தூங்குவார்கள், பல்வலிக்குப் பயப்படுவார்கள். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். அதுதான் அடையாளம்.

எல்லாக் காசையும் இவர்கள் சேர்ப்பதில்லை. ஸ்பெயின் ராஜாக்கள் மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் தோண்டிய வெள்ளியில் அடித்து உலகமெல்லாம் அனுப்பிய பழங்காசுகள் மட்டும்தான். ஏன் அது மட்டும் என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.

எனக்கு இந்த இனத்தோடு பழக்கம் வந்தது அக்காவின் கல்யாணத்தால். அத்தான் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அது வயிற்றுக்கு. மனசுக்கு வெள்ளிக்காசு. காசைக் காட்டுவதற்கு முன் உங்களைக் கை கழுவச் சொல்வார், கழுவிய கையைத் துடைக்கச் சொல்வார், துடைத்த கையைச் சந்தேகத்தோடு பார்ப்பார், மேசையில் மெத்தென்ற துணியை விரிப்பார், "ஓரத்தைப் பிடி, மூஞ்சியைத் தொடாதே" என்று குழந்தையைக் கைமாற்றும் கவனத்தோடு ஒன்றை எடுத்து நீட்டுவார். (குழந்தையைக் கைமாற்றும்போது இவ்வளவு கவனம் இருக்காது.) கடைசியில் உங்கள் கைக்கு வருவது கறுத்துப்போன, கோணல்மாணலான ஒரு தகடு. அழுக்காயிருக்கிறதே என்று வாய் தவறிச் சொன்னால் தொலைந்தீர்கள். அது அழுக்கல்ல, வயது. கழுவவேண்டியது உங்கள் கையை, காசை அல்ல.

நமக்குக் குறை என்பது இவர்களுக்கு நிறை. பழைய ராஜா இறந்த பிறகு, புதிய ராஜாவின் முகம் கப்பலில் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாமல், இறந்தவர் முகத்தைச் சுற்றிப் புதியவர் பெயரைப் போட்டு அடித்த காசு ஒன்று அத்தானிடம் இருக்கிறது. அதைக் காட்டும்போது மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். "மூஞ்சி ஒருத்தருது, பேரு இன்னொருத்தருது. எங்க வார்டுல இப்படி ஒண்ணு நடந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்பாள்.

இப்படிப்பட்டவரை அழைத்துக்கொண்டுதான் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம்.

சாதாரண வீடல்ல. ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே இருந்தது. அக்காவுக்குப் பிரசவ விடுப்பு முடியப்போகிறது, கைக்குழந்தை புட்டிப்பாலைத் துப்புகிறது. இந்த வீடு கிடைத்தால் வேலைக்கு நடுவே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

வாசலில் அக்கா அத்தானிடம் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாள் மட்டும். கப்பல் வேண்டாம், ராஜா வேண்டாம். 'சரிங்க', 'நல்லாயிருக்குங்க'. இந்த ரெண்டு போதும்."

"நான் என்ன, போற இடமெல்லாம் காசைப் பத்திப் பேசுறவனா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் தானிய வியாபாரி. கீழே கடை, மாடியில் காலியான இரண்டு அறை. அக்கா சன்னலோரம் நின்று எதிர்வாசலைப் பார்த்தாள். குழந்தை என் தோளில் தூங்கியது. அத்தான் சொன்னபடி "சரிங்க", "நல்லாயிருக்குங்க" என்றே வந்தார். வீட்டுக்காரருக்கு எங்களைப் பிடித்துவிட்டது. "நீ நடுவுல வந்து குழந்தையைப் பார்த்துட்டுப் போலாம்மா. எங்க வீட்டம்மாவும் கீழதான் இருப்பா" என்று சொல்லி, கையோடு சாவி தரக் கடைக்குள் அழைத்துப்போனார்.

அங்கே, கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காசு.

"எங்க கொள்ளுத்தாத்தா இந்தக் கடையில வாங்கின முதல் காசு. ஸ்பெயின் வெள்ளி" என்றார் வீட்டுக்காரர். "நாணயத்துக்குப் பேர்போன மனுஷர்."

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். அத்தானுக்கு ஒன்றுதான்.

"நல்லாயிருக்குங்க" என்றார். அக்கா மூச்சு விட்டாள். அதற்குள் லென்ஸ் வெளியே வந்துவிட்டது.

"ராஜா மூக்கு செவந்திருக்கு" என்றார் அத்தான் மெதுவாக. "சார், இது கள்ளக்காசு."

கடையில் தானியம் அளந்துகொண்டிருந்தவர் அளப்பதை நிறுத்தினார்.

"அருமையான கள்ளக்காசு. அந்தக் காலத்துலயே அடிச்சது. உள்ள செம்பு, மேல வெள்ளிப் பூச்சு, தேய்ஞ்ச இடத்துல தெரியுது பாருங்க. நல்ல காசு எங்க வேணா கிடைக்கும். இது கிடைக்கவே கிடைக்காது சார்."

அவர் அகராதியில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

"எங்க கொள்ளுத்தாத்தா கள்ளக்காசு வச்சிருந்தாருங்கிறீங்க?"

"அவரைக் குத்தம் சொல்லலை சார். ரெண்டுல ஒண்ணுதான். யாரோ அவரை ஏமாத்தியிருக்கணும். இல்லேன்னா..."

"போதும்" என்றாள் அக்கா.

"...அவரே அடிச்சிருக்கணும். அப்படியிருந்தா இன்னும் விசேஷம்."

வீட்டுக்காரர் சாவியைக் கல்லாவுக்குள் போட்டு மூடினார். தன் தங்கை மகனுக்கு அந்த மாடியைத் தரும் யோசனை ஒன்று இருப்பதாகச் சொன்னார். அந்த யோசனைக்கு வயது ஒரு நிமிடம் இருக்கும்.

பேருந்து நிறுத்தத்தில் அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "நான் பொய்யா சொன்னேன்?"

"இல்ல" என்றாள் அக்கா.

"பாராட்டித்தானே சொன்னேன்?"

"ஆமா."

"பின்னே?"

குழந்தை விழித்து அழுதது. அக்கா வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அத்தான் நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். வருந்துகிறார் என்று நினைத்தேன்.

"விலைக்குத் தருவாரான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இப்பவே போய்க் கேளுங்க" என்றாள் அக்கா, திரும்பாமலே. "இன்னொரு சட்டம் போட்டு உங்களையும் பக்கத்துல மாட்டி வைப்பாரு."

அவரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லத்தான் படிப்பு என்று நம்பித்தான் வாங்கினேன். யாரிடம், எப்போது, யார் செலவில் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

நீங்கள் காசு சேர்ப்பவர் இல்லை, சரி. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும், அக்கா வேலையை விட்டாளா என்று கேட்கத் தோன்றுகிறதா? இல்லை, அந்தக் காசை உண்மையில் அந்தக் காலத்திலேயேதான் அடித்தார்களா என்றா? முதலாவது என்றால் பிழைத்தீர்கள். இரண்டாவது என்றால், நீங்களும் அந்த இனம்தான். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.