மூன்றாம் மாடிக்குப் போன எஃபெந்தி

இஸ்திரி மேஜைக்கு அடியில் ஆரஞ்சுப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பழைய கம்பளி இருந்தது. கம்பளிக்குள் இருக்க வேண்டிய எஃபெந்தி மட்டும் இல்லை.

இஸ்திரிக்காரன் மித்வல்லி கம்பளியை உதறினான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒருவேளை இதற்குள் வந்திருப்பானோ என்று நிமிர்த்தி இன்னொரு தடவை பார்த்தான்.

எஃபெந்தி ஒரு பாம்பு. இம்பாபா வட்டாரத்தில் பாம்புக்கு இப்படியொரு மரியாதையான பெயரை மித்வல்லியைத் தவிர யாரும் வைத்ததில்லை. ஆனால் ஒல்லியாக, ஒரு வார்த்தை பேசாமல், யார் வம்புக்கும் போகாமல் சுருண்டு கிடக்கும் கனவானை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நாலாம் மாடி இன்ஜினியர் நாஜி குவைத்துக்குப் போகும்போது, "ரெண்டே ரெண்டு நாள் பார்த்துக்க உஸ்தா மித்வல்லி" என்று கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் மச்சான் வந்து, மீன் வளர்க்கப் போவதாகச் சொல்லித் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். போன் போட்டால் இன்ஜினியர், "இன்னுமா உயிரோட இருக்கு? நைல்ல விட்டுடுப்பா" என்றார்.

விடும்படியான நிலையிலா இருந்தான் எஃபெந்தி? உடம்பு பழைய பெல்ட் மாதிரி வற்றிப் போயிருந்தது. உரியாத பழைய தோல் கண்களை மூடியிருந்தது. வாயோரம் புண் வேறு. மிருக டாக்டர், "எனக்குப் பூனை வரைக்கும்தான் தெரியும்" என்று கையை விரித்தார். இருந்தாலும் மனசு கேட்காமல், "சூடா வை, ஈரமா வை, வாயை உப்புத் தண்ணியில துடை" என்று சொல்லி அனுப்பினார்.

சூடும் ஈரமும் இஸ்திரிக் கடையில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? மித்வல்லி வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, சட்டைக்குத் தெளிப்பது போலவே 'ப்பூ' என்று எஃபெந்தி மேலும் தெளித்தான். ஈரத் துணியில் சுற்றினான். பஞ்சால் வாயைத் துடைத்தான். ஒரு நாள் கண்ணை மூடியிருந்த தோல் கழன்று விழுந்தது. எஃபெந்தி முதன்முறையாக மித்வல்லியின் முகத்தைப் பார்த்தான். கனவான் என்பதால் ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

புண்ணும் ஆறிவிட்டது. சாப்பாடு ஒன்றுதான் பாக்கி. சுண்டெலி காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோழிக்குஞ்சு காட்டினால் தூங்கிப்போனான். இனியும் சாப்பிடாவிட்டால் பிழைக்க மாட்டான் என்பது பூனை டாக்டருக்கே தெரிந்திருந்தது. இந்த நேரத்தில்தான் ஆளைக் காணவில்லை.

மித்வல்லி யோசித்தான். நேற்று சாயங்காலம் மூன்றாம் மாடிப் பெரிய மனுஷர் ரஃப்அத் பே வீட்டுச் சட்டை மூட்டை இந்தப் பெட்டியை ஒட்டித்தான் இருந்தது. சுடச்சுடத் தேய்த்த சட்டைகள். குளிரில் நடுங்குகிற நோயாளி வேறு எங்கே போவான்?

மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறினான். கதவைத் திறந்தது அவர் மனைவி இன்ஷிராஹ்.

"மேடம், காலர் மடிப்பெல்லாம் கோணலாயிடுச்சு. மூட்டையை அப்படியே கொடுங்க. திருப்பித் தேய்ச்சுத் தர்றேன், சும்மா."

"நீ தேய்ச்ச காலர் என்னிக்கு நேரா இருந்திருக்கு? இன்னிக்கு என்ன புதுசா வெட்கம்?" என்றாள். சொன்னாலும், சும்மா என்றதும் சட்டைகளோடு ஜன்னல் திரைகளையும் படுக்கை விரிப்புகளையும் சேர்த்துக் கட்டித் தந்தாள்.

மூட்டையில் எஃபெந்தி இல்லை. மித்வல்லி சும்மா தேய்க்கிறான் என்ற செய்தி மட்டும் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. இருட்டுவதற்குள் கடை வாசலில் துணி மலை. ஒருத்தர் கூடாரத் துணியையே கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் மறுபடி ஏறினான்.

"சட்டைகளை அலமாரியில நானே மாட்டித் தர்றேன் மேடம். மடிப்பு கலையாது பாருங்க."

அலமாரியில் இல்லை. சோபாவுக்குப் பின்னால் இல்லை. உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தான். கட்டில் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"கட்டிலுக்கு அடியில என்னத்தடா தேய்க்கிற?"

வீட்டுக்காரர் ரஃப்அத்தின் அம்மா, ஹாஜியம்மா ஸன்னூபா. மேல் எகிப்திலிருந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று நோன்புக்கு முன்னால் வந்தவர். நோன்பு முடிந்து, பெருநாள் முடிந்து, பேரீச்சம்பழக் காலமும் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு இன்ஷிராஹ் ஓடிவந்தாள். மித்வல்லி தவழ்ந்தபடியே வெளியே வந்து, இனி மறைத்துப் பயனில்லை என்று கையைக் கூப்பினான்.

"பயப்படாதீங்க மேடம். அது கடிக்காது."

"எது?"

இன்ஷிராஹ் போட்ட அலறலில் எதிர்க் கட்டடத்துப் புறாக்கள் பறந்தன. ஆனால் ஹாஜியம்மா போட்டதுதான் அலறல். "பாம்பா! பாம்பா! ஐயோ என் மகனே!" என்று கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்து, மூலையில் இருந்த தன் ஈச்சங்கூடையின் மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த வயதில் அந்தத் துள்ளலை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ரஃப்அத் பே ஷேக் ஹம்மூதாவுக்கு ஆள் அனுப்பினார். ஹம்மூதா, ரிஃபாயி என்ற சூஃபிப் பெரியவரின் வழியில் வந்த பாம்புக்காரர். வீட்டு நடுவில் நின்று, அந்தப் பெரியவர் பெயரால் ஆணையிட்டு அழைத்தால் எந்த வீட்டிலிருந்தும் பாம்பு வெளியே வரும். அவருடைய சட்டைக் கையிலிருந்துதான் வருகிறது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் யாரும் சொல்வதில்லை. ஒரு மனிதரை வீட்டுக்கு அழைத்துவிட்டு அவர் சட்டையைப் பற்றிப் பேசுவது நன்றாகவா இருக்கும்?

மித்வல்லி பேசிவிட்டான். மாடிப்படியில் அவரை மறித்து, "ஷேக்கே, கையில வெச்சிருக்கறதை எடுத்துக் காட்டிட்டுக் கிளம்பிடுங்க. உள்ளே இருக்கறது நோயாளி. அதைத் தொடாதீங்க, பல்லைப் பிடுங்கிடாதீங்க" என்று கெஞ்சினான்.

ஷேக்கின் முகம் கத்தரிக்காய் நிறமானது.

"என் கையிலயா? எங்க பரம்பரையைப் பார்த்தா இந்தப் பேச்சு? அந்தப் பாம்பைப் பிடிக்காம நான் இறங்கினா இந்த மீசை எனக்கு இல்ல!"

உள்ளே போனதும் மேலங்கியைக் கழற்றி எறிந்தார். வெறும் பனியனோடு நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவர் தொழிலில் முதல்முறையாக உண்மையாகவே தேட ஆரம்பித்தார். கம்பால் சுவரைத் தட்டினார். குளிர்பெட்டியை நகர்த்தினார். குளியல் தொட்டிக்கு அடியில் படுத்தே பார்த்தார். ஒவ்வொரு தட்டலும் மித்வல்லியின் நெஞ்சில் விழுந்தது.

கடைசியில் கம்பு மூலைப் பக்கம் வந்தது.

"கொஞ்சம் இறங்குங்க ஹாஜியம்மா."

"இறங்க மாட்டேன்! என் கால் தரையில பட்ட நிமிஷம் என் உயிர் போயிடும். அந்தப் பாவம் உன் தலையில!"

"கூடைக்குப் பின்னால மட்டும்..."

"மகனே! இந்த ஆளு உங்கம்மாவைக் கொல்றான்!"

ஷேக் பின்வாங்கினார். நெற்றி வியர்த்துக் கொட்டியது. மீசையின் எதிர்காலத்தை எல்லோரும் கவலையோடு பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி, உரத்த குரலில் ஆணையிட்டு, வியர்வையைத் துடைப்பது போலத் தலைப்பாகையில் கையை வைத்தார். அதிலிருந்து ஒரு கறுப்புப் பாம்பு வழிந்து தோளில் இறங்கியது.

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். வீடு சுத்தமாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு, மீசையோடும் பாம்போடும் ஷேக் இறங்கிப் போனார்.

தொல்லை தீர்ந்தது என்று எல்லோரும் மித்வல்லியின் முதுகைத் தட்டினார்கள். அவனுக்கு அழுகைதான் வந்தது. சுவர்ப் பொந்தில் எங்கேயோ ஒரு கவளம் கூட இறங்காத வயிற்றோடு எஃபெந்தி கிடக்கிறான். துடைத்துவிட ஆளில்லை, தண்ணீர் தெளிக்க ஆளில்லை. இனி எத்தனை நாள் தாங்குவான்?

"இந்த வீட்ல இனி ஒரு ராத்திரி கூட நான் தங்க மாட்டேன்" என்றார் ஹாஜியம்மா.

"என்ன அத்தை இப்படிச் சொல்றீங்க? இருங்க, இருங்க" என்றாள் இன்ஷிராஹ். சொல்லி முடிப்பதற்குள் மாமியாரின் செருப்பை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

ரஃப்அத் பே கூடையைத் தூக்கக் குனிந்தார்.

"உனக்கு இடுப்பு சரியில்ல மகனே, விடு. அந்த இஸ்திரிக்காரன் தூக்கட்டும். இத்தனைக்கும் காரணம் அவன்தானே."

மித்வல்லி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினான். பின்னால் ஹாஜியம்மா முனகிக்கொண்டே வந்தார். தெருவுக்கு வந்ததும் அவர் பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பவில்லை.

"கடைக்கு நட. என் முக்காடு கசங்கிப் போச்சு. ஒரு இழு இழுத்துக் கொடுத்துடு, போயிடறேன்."

கடைக்குள் துணி மலைக்கு நடுவில் ஆரஞ்சுப் பெட்டி காலியாகக் கிடந்தது. மித்வல்லி அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான். யார் மேல் என்று தெரியாத கோபத்தில் கூடையைத் தலையிலிருந்து 'தொப்' என்று போடப் போனான்.

ஹாஜியம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மெல்ல வைடா மடையா. காலையிலதான் என் கையால ஒரு புறாக்குஞ்சு சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கான்."