தாய்மாமன் வயிறு தேறவில்லை

குவைத்து வெயிலில் கருத்துப்போனாலும் சிரித்த முகமாய் இருக்கவேண்டிய மாப்ள சிவசங்கருக்கு, தியாகதுருகத்திலிருந்து உன் பெண்டாட்டி நிர்மலாவின் அண்ணன் பகலவன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. போனில் சொன்னால் உன் ரூமே ஸ்பீக்கரில் கேட்கும். விஷயம் அப்படிப்பட்டது, அதனால் கடுதாசி.

உன் மகள் அபிநயாவுக்குச் சிறுநீரில் சத்து ஒழுகுவதும், மாத்திரையைக் குறைத்தால் முகம் வீங்குவதும் உனக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புதுசாக ஒரு சோதனை வைத்தியம் சொல்கிறார். பிள்ளையின் குடலில் நல்ல கிருமி கம்மியாம். நோயில்லாத பெரியவர் ஒருவர் காலையில் வெளிக்குப் போவதை வாங்கிச் சுத்தம்செய்து, அதிலுள்ள நல்ல கிருமியை உள்ளே விட்டுப் பார்ப்பார்களாம். பலிக்கும் என்று சத்தியம் பண்ணமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். "சொந்தத்துல யாராவது குடுப்பீங்களா?" என்றார். நான் எழுந்து நின்றேன். "இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? தாய்மாமன் நான் இருக்கறப்ப வேற எவன் சீர் செய்வான்?" நிர்மலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் மாப்ள, போன மாசம் பல்வலிக்கு நானே மெடிக்கலில் கேட்டு வாங்கித் தின்ற மாத்திரை என் நல்ல கிருமியையும் கொன்றிருக்குமாம். தள்ளிவிட்டார்கள். நிர்மலாவுக்கும் ஏதோ சேரவில்லை.

மிச்சம் இருந்தது வெள்ளிமலையில் டீக்கடை போட்டிருக்கும் உன் அக்கா காசியம்மாள்தான். நானே மலையேறிப் போனேன். "வாங்க சம்மந்தி! காதுகுத்துல என் சீர்த்தட்ட ஓரமா தள்ளினீங்களே, இப்ப இதுக்கு மட்டும் அத்த வேணுமா?" என்று கேட்டவர், "புள்ளைக்கு மூஞ்சி வீங்கிக்கினு கீது சம்மந்தி" என்று நான் சொன்னதும், கொதிக்கிற பாலை அப்படியே இறக்கிவைத்துக் கடையைப் பூட்டிவிட்டார். பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அவருக்கு வாந்தி வந்து நல்ல கிருமி போய்விடுமோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். கள்ளக்குறிச்சியில் பரோட்டா கேட்டார். "அது இனிமே உங்க வயிறு இல்ல, புள்ள வயிறு" என்று இட்லி வாங்கிக் கொடுத்தேன். டெஸ்ட் எல்லாவற்றிலும் பாஸ். வார்டில் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ கவலைப்படாமல் வேளைக்குச் சாப்பிடு. நூறு வயசு நன்றாக இரு, உன் தலையில் முடி இல்லாவிட்டாலும்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். மாத்திரையைக் குறைத்தும் சத்து ஒழுகவில்லையாம், முகமும் வாடாமல் வீங்காமல் இருக்கிறதாம். இப்போதைக்கு யாருடையதும் வேண்டாமாம். நிர்மலா அழுது சிரிக்கிறாள். உன் அக்காதான் ஊருக்குப் பஸ் ஏறமாட்டேன் என்கிறார். "வேணாம்னா வேணாம். ஆனா என்து நல்லா இருந்துச்சின்னு அந்த டாக்டரம்மா வாயால எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். மலையில கேப்பாங்க இல்ல?"