ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிள் எனக்கில்லை

அறுபது தாண்டிய பெண்மணி எதற்கெல்லாம் வீட்டைவிட்டு வெளியே போகலாம் என்பதற்கு எங்கள் திருப்பாலைவனத்தில் எழுதப்படாத அரசாணை ஒன்று உண்டு. கோயில், முட்டிவலி டாக்டர், மகளின் பிரசவம், துக்க வீடு. சைக்கிள் அதில் இல்லை. ஆனால் கூடாது என்றும் எங்கும் இல்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கூடாது என்று எழுதாத எதையும் செய்யலாம் என்பதும், யாராவது கேட்டால் "எந்த விதிப்படி கூடாது?" என்று திருப்பிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதும் எனக்கு அங்கே கிடைத்த கல்வி.

ஆகவே வாங்கினேன். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடியும் சுண்டுவிரல் தடிமனில் டயரும் உள்ள ரோடு சைக்கிள். என் கணவர் கோதண்டம் (இனி இந்தக் கட்டுரையில் 'இவர்' எனப்படுவார்) அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை. பெல்லும் இல்லை. இல்லாததற்கெல்லாம் சேர்த்துத்தான் விலையா என்று கேட்டார். எடை குறைவு என்பதற்குத்தான் விலை என்றேன். எடை குறைய வேண்டியது சைக்கிளா என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு நிபந்தனை வந்தது. "இதால ஒரு புகார் நம்ம வாசலுக்கு வரட்டும் வத்சலா, அன்னிக்கே வண்டி என் தங்கச்சி பையன் வீட்டுக்குப் போயிடும். அவன் ஏற்கெனவே விலைக்குக் கேட்டுட்டான்."

ஒப்புக்கொண்டேன். புகார்களை வாங்கி, பதிவு செய்து, பதில் போட்டே தலை நரைத்தவள் நான். என்மேல் ஒரு புகார் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து சைக்கிள் கூட்டம் ஒன்று பழவேற்காடு வரை வரும். எல்லாம் என் மகள் வயதுப் பிள்ளைகள். அவர்களோடு சேர்ந்துகொண்டேன். "ஆன்ட்டி, உங்க வேகத்துல வாங்க" என்பார்கள். என் வேகத்தில் நான் போய்ச் சேரும்போது அவர்கள் டிபன் முடித்துக் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். இது போதாதென்று போனில் ஒரு செயலி. எந்தச் சாலையை யார் எவ்வளவு வேகத்தில் ஓட்டினார்கள் என்று வரிசை போட்டு உலகத்துக்கே காட்டும். நான் ஓட்டிய சாலைகளில் எல்லாம் என் பெயரைப் பார்க்க, கட்டைவிரல் வலிக்கும்வரை கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

இங்கேதான் என் அலுவலக மூளை விழித்துக்கொண்டது. முதலிடம் வேண்டுமானால் வேகமாக ஓட்ட வேண்டும் என்பது இளைஞர்களின் மூடநம்பிக்கை. வேறு யாருமே ஓட்டாத சாலையாகப் பார்த்து ஓட்டினால் போதும். ஏரிக்கு நடுவே பசியாவரம் என்ற தீவு இருக்கிறது. அங்கே ஒரு சிமெண்டுச் சாலை இருக்கிறது. அப்போது பாலம் வேலை நடந்துகொண்டிருந்ததால் போக வர படகுதான். படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்குக் கிறுக்குப் பிடித்தவர்கள் சென்னையில் இல்லை. (திருப்பாலைவனத்தில் ஒருத்தி இருந்தாள்.)

ஒரு வார நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் பழவேற்காட்டுக் கரையில் ஆறுமுகத்தின் படகில் ஏறினேன். ஆறுமுகம் கயிற்றை எடுத்து சைக்கிளைக் கட்டப் போனார். கயிறு பெயிண்டை உரசும், நானே பிடித்துக்கொள்கிறேன் என்றேன். ஷூவையாவது கழற்றிவிடச் சொன்னார். அந்த ஷூவின் அடியில், காலைப் பெடலோடு பூட்டிவைக்கும் தகடு ஒன்று உண்டு. தரையில் நடந்தால் லாடம் அடித்த குதிரை மாதிரி சத்தம் வரும். பாதுகாப்புச் சாதனங்களைப் பயணத்தின் நடுவில் கழற்றக்கூடாது என்பது விதி என்றேன். (எந்த விதி என்று கேட்காதீர்கள். அந்த நிமிடம் நான் போட்டதுதான்.)

பாதி ஏரியில், எதிரே வந்த படகுக்கு வழிவிட ஆறுமுகம் லேசாகத் திருப்பினார். எண்ணெய் நன்றாகத் தடவிய கல்லில் தோசை நகருமே, அப்படி நகர்ந்தேன். இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்தேன். மனிதப் பிறவிக்குக் கை இரண்டுதான் என்பதால் சைக்கிளுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அது சத்தமே போடாமல் தண்ணீருக்குள் போனது. எடை குறைவு என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. தளும்பக்கூட இல்லை.

அந்த இடத்தில் ஆழம் இடுப்பளவுதான் இருக்கும். இறங்கி எடுங்கள் என்றேன். ஆறுமுகம் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இங்க நான் எறங்க முடியாது மேடம். இன்னிக்கி இது தேசப்பன் பாடு."

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவன் முறையில் இன்னொருவன் கை வைக்கக்கூடாது. சரி, நானே இறங்குகிறேன் என்றேன். நான் இறங்கினாலும் ஊரில் தன்னை உட்கார வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள் என்றார். வாழ்நாள் முழுவதும் 'இது என் இருக்கை வேலை இல்லை, அடுத்த அறைக்குப் போங்கள்' என்று மக்களை அனுப்பி வைத்தவள், அன்று ஏரி நடுவே அடுத்த அறைக்காகக் காத்து நின்றேன்.

அடுத்த அறை தண்ணீரில் நடந்து வந்தது. தேசப்பனும் அவருடைய பங்காளிகள் நான்கு பேரும். வலை தூக்கும் நேரம் அது. தூக்கினார்கள். வலையோடு என் சைக்கிளும் எழுந்தது. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே இரண்டு நண்டுகள். செயின் சக்கரத்தின் பற்கள் வலையைக் கடித்து, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழித்திருந்தன. அன்றைய இறாலில் பெரும்பகுதி அந்த வழியாக வெளியேறிவிட்டது.

பசியாவரம் கரையில் என்னைச் சுற்றி ஊரே கூடியது. ஒட்டின கால்சட்டை, மஞ்சள் சட்டை, தலையில் ஹெல்மெட். முழங்கால்வரை சேறு வேறு. ஒரு கிழவர் பக்கத்தில் வந்து, "கரண்டு ஆபீசாம்மா? எங்க வீட்ல மீட்டரு நின்னு போய் எவ்ளோ நாளாச்சு" என்றார். இல்லை என்றால் பிறகு யார் என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுங்கள், பார்க்கிறேன் என்றேன். பழக்கம்.

வலை பின்னும் கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். சைக்கிளைக் கொடுங்கள், போகிறேன் என்று ஆரம்பித்தேன். தேசப்பன் கோபப்படவே இல்லை. வலையில் ஏறியது அன்றைக்குப் பாடு யாருக்கோ அவனுக்குச் சொந்தம் என்றார். நான் எழுந்து நின்றேன். (ஷூ 'டக்' என்றது. ஒரு குழந்தை சிரித்தது.) பொருள் விழுந்ததாலேயே உரிமை போகாது, உரிமையாளர் யார் என்று தெரியும், அவர் நேரில் ஆஜராகி உரிய காலத்துக்குள் கோரியிருக்கிறார் என்று வரிசையாக எடுத்து வைத்தேன். என் பணிக்காலத்தில் இதைவிடச் சுத்தமாக ஒரு குறிப்பு எழுதியதில்லை.

தேசப்பன் பொறுமையாகக் கேட்டார். "மீனுக்குக்கூட அம்மா அப்பா இருக்குது மேடம். அதுக்காவ திருப்பிக் குடுக்கிறமா?"

இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எழுதி வச்சா மறந்துடுவோம்னுதான் எழுதல" என்றார்.

வலையைச் சரிசெய்து தருகிறேன் என்றேன். வலையைத் தாங்களே தைத்துக்கொள்வார்களாம். போன பாடுதான் பிரச்சினை. அந்த இடம் சுற்றி மறுபடி அவர்களுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். "போன நாள எதுல தைக்கிறது?" என்று கேட்டார். நியாயம் அவர் பக்கம் என்பது கூடத்திலேயே எனக்குக் கடைசியாகத்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

சைக்கிளை விட்டுவிட்டுப் போகலாம். பஸ் ஏறினால் வீடு. ஆனால் வாசலில் இவர் நிற்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு சிரிப்பு சிரிப்பார். அதற்குப்பிறகு எனக்குக் கோயில், டாக்டர், பிரசவம், துக்க வீடு. அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் உடம்பில் இருந்த பிடிவாதமெல்லாம் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"உங்களுக்குப் போனது ஒரு பாடு. நான் ஒரு பாடு தர்றேன். இந்த சைக்கிளுக்கும் முறை வைங்க. வாரத்துல ஒரு நாள் உங்க பாடு. மீதி நாள் என் பாடு. சீட்டுப் போடுங்க."

யாரோ ஆரம்பித்து வைக்க, ஊரே சிரித்தது. தேசப்பனும் சிரித்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நீ ஒண்ணியும் பண்ணாத. கம்முனு இரு. சீட்டப் போடுங்க நைனா" என்றது. தேசப்பனின் மனைவி கன்னியம்மா. அவர் நைனா என்று கூப்பிட்டது நடுவில் உட்கார்ந்திருந்த தன் அப்பாவை. எனக்கு வாதாட வராத பாஷையில் எனக்காக வாதாடிய முதல் வக்கீல்.

ஏழு நாளையும் ஏழு துண்டுக் காகிதத்தில் எழுதி எவர்சில்வர் டம்ளரில் குலுக்கினார்கள். கன்னியம்மா ஒன்றை எடுத்தார். ஞாயிறு. சென்னைக் கூட்டம் வரும் ஒரே நாள். எடுத்த சீட்டை மாற்ற முடியாதாம். எத்தனை வாரத்துக்கு என்று அந்த நேரத்தில் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கால வரம்பு இல்லாத கோப்பு எதுவும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. அன்று போய்விட்டது.

பிறகு, நான் வந்த வேலையை முடித்தேன். செயினில் பாசி தொங்க, பசியாவரம் சிமெண்டுச் சாலையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டினேன். இரண்டு நாய்கள் துரத்தின. செயலி உடனே அறிவித்தது: முதலிடம். மொத்தம் ஓட்டியவர்கள்: ஒருவர்.

வீட்டுக்குத் தனியாகத் திரும்பவில்லை. தங்கள் பங்கு எங்கே தூங்கப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று கன்னியம்மாவும் தேசப்பனும் கூடவே கிளம்பிவிட்டார்கள். நான் மிதிக்க, அவர்கள் ஷேர் ஆட்டோவில் என் பின்னாலேயே வந்தார்கள். எங்களுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது. வாசலில் இவர். பக்கத்தில் நாத்தனார் மகன், குட்டி லாரி ஒன்றோடு. கண்ணாடி ஏற்கெனவே இவர் கையில் இருந்தது.

"புகார் ஆட்டோ வச்சுக்கிட்டு வந்திருக்கு போல" என்றார் இவர். பையனைப் பார்த்து, "ஏத்துடா வண்டிய."

கன்னியம்மா சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தறதுக்கு யாருங்க சொன்னது? இதுல எங்களுக்குப் பாடு இருக்குது. நாங்க ஒத்துக்காம எப்டி விப்பீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். கூட்டு உரிமை உள்ள சொத்தை ஒருவர் மட்டும் விற்க முடியாது. மற்றவரின் சம்மதம் வேண்டும் என்று விளக்கினேன். பங்குதாரரைப் பார்த்து, "சம்மதமா?" என்று முறைப்படி கேட்டேன்.

"இல்லக்கா" என்றார் கன்னியம்மா.

குட்டி லாரி காலியாகத் திரும்பிப் போனது. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குக் காபி போட உள்ளே போனார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் முழுசாக ஜெயித்த வழக்கு அது ஒன்றுதான். அதற்கும் எதிர்க்கட்சி சாட்சி தேவைப்பட்டது.

ஒரு மாதத்தில் அவர்களுக்கு அலுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆண்களுக்கு அலுத்துவிட்டது. ஒருவர் ஓட்டிப் பார்த்து, உட்காரும் இடம் கத்தி மாதிரி இருக்கிறதென்று அடுத்த படகில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கன்னியம்மாவுக்கு அலுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளைக் கல்யாணத்தோடு விட்டவராம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மிதிக்கிறார். பாலம் வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைப் பிள்ளைகளோடு அவர்தான் போகிறார். அவரை யாரும் ஆன்ட்டி என்று கூப்பிடுவதில்லை. உங்கள் வேகத்தில் வாங்க என்றும் சொல்வதில்லை. அவர் வேகத்தில் போனால் அவர்களுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை கன்னியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது இவர்தான். திரும்பி வரும்போது இறால் வாங்கி வருகிறார். இந்த ஏற்பாட்டை முதலிலேயே தான் ஆதரித்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறார். வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வந்தால், "இன்னிக்கி யார் பாடு?" என்கிறார். விடுமுறைக்கு வரும் மகள் பாத்ரூம் கதவைத் தட்டிக்கொண்டு அதையே கேட்கிறாள். நாத்தனார் வீட்டு விசேஷங்களில் என்னை இன்னமும் 'அத்தை, ஆறு நாள் ஓனர்' என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள்.

போன வாரம் செயலி ஒரு செய்தி அனுப்பியது. பசியாவரம் சாலையில் என் முதலிடம் பறிபோய்விட்டது. மொத்தம் ஓட்டியவர்கள் இரண்டு பேர். என் இடம் இரண்டு. அதுவும் என் சொந்த சைக்கிளிலேயே கன்னியம்மா என்னைத் தோற்கடித்திருக்கிறார். இத்தனைக்கும் மண்ணெண்ணெய் போட்டுச் செயினைத் துடைத்து அனுப்பியவள் நான்.

மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒரே வழிதான். இன்று ஞாயிறு. நாளைக்கு என் பாடு.