பலாப்பழ நாவலும் ஏக் மினிட்டும்

தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளும் ஒன்றாகக் கிளம்பிப் போய் யார் மீதாவது புகார் கொடுப்பதென்றால், அது ஏக் மினிட்டின் மீதாகத்தான் இருக்கும். அவனைப்போல் அவற்றைப் பாடாய்ப் படுத்தியவன் ஹைதராபாத்தில் கிடையாது. எனக்குத் தெரிந்து வேறெங்கும் கிடையாது.

ஏக் மினிட் என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சர்வர் படுத்துவிட்டதென்று மூன்று மாடியும் கூவினாலும் கையை உயர்த்தி, "ஏக் மினிட்" என்பான். அந்த ஒரு நிமிடம் ஆறு மணி நேரம்கூட ஓடும். ஆனால் வேலை முடியாமல் நாற்காலியை விட்டு அவன் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

மாதாப்பூரில் மாதத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கேதான் எங்கள் ஆபீஸ். நாங்கள் இருவரும் ஏ.எஸ்.ராவ் நகரில் கம்பெனி பஸ் ஏறுவோம். ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக ஒன்றரை மணி நேரம். மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அவனுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தெருவில் ஹிந்தி. தமிழ் பேசுவான். படிக்க வராது. அதனால் இருபத்தொன்பது வயதுவரை அவனுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

குறை வந்தது பக்கத்துப் பேட்டையான குஷாய்குடாவில். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரின் மகள் வித்யாவைப் பெண் பார்க்கப் போனான். அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், நாவல் பைத்தியம். பேசிக்கொண்டிருக்கும்போது, தனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதென்று இவன் சொல்லியிருக்கிறான். அவள் உள்ளே போய் ஒரு நாவலை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டாள். யாரையும் கதை கேட்காமல் முழுக்கப் படித்துவிட்டு வர வேண்டும். கதாநாயகி யாரைக் கல்யாணம் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து இன்னொரு வரன் வருகிறது. அதற்குள் முடிக்க வேண்டும்.

மறுநாள் பஸ்ஸில் புத்தகத்தைக் காட்டினான். அட்டையில் ஒரு பெண், ஒரு துப்பாக்கி, ஒரு பலாப்பழம். உள்ளே நூற்று அறுபது பக்கம். கோயில் நகையைப் பலாப்பழத்துக்குள் ஒளித்துக் கடத்தும் பாலு என்ற திருடனும், அவனைத் துரத்தும் ஞானப்பிரகாசம் என்ற இன்ஸ்பெக்டரும் கீதா என்கிற ஒரே பெண்ணைக் காதலிக்கிறார்கள். நான் ஒரே மூச்சில் படித்துச் சிரித்துவிட்டு, கதையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

"நக்கோ பாய், வேணாம். கேட்டுட்டு வரச் சொல்லல, படிச்சுட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

முதல் வாரம் எழுத்துகளோடு போனது. தெலுங்கில் நாலு 'க' இருக்கும்போது தமிழில் ஒன்றுதானா என்று நம்ப மறுத்தான். "கைக்கு பாய், எதுக்கு இவ்ளோ கஞ்சத்தனம்?" என்று என்னைக் கேட்டான், ஏதோ மிச்சம் மூன்றையும் நான் பதுக்கி வைத்திருப்பதுபோல. அடுத்த வாரம் பாலு வந்தான். அந்த முதல் எழுத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பால்கோவாவில் வரும் 'பா'வைப் போட்டுப் படித்தான். தெலுங்கில் அப்படிச் சொல்லும் பாலுவுக்குப் பால் என்று பொருள். ஆக, பால் சுவரேறிக் குதித்தது, பால் கீதாவைப் பார்த்துக் கண்ணடித்தது என்று இரண்டு நாள் கதை நடந்தது.

சத்தமாகப் படித்தால்தான் அவனுக்கு ஏறும். அதனால் முழு பஸ்ஸும் கேட்டாக வேண்டியிருந்தது. முதலில் முணுமுணுத்தவர்கள், பிறகு படித்தவரைக்கும் தெலுங்கில் சொல்லச் சொல்லி அவனை நச்சரித்தார்கள். பஸ் இரண்டாகப் பிரிந்தது: இடப்பக்கம் திருடன் கட்சி, வலப்பக்கம் இன்ஸ்பெக்டர் கட்சி. டிரைவர் யாதகிரி திருடன் கட்சி. பாலு மாட்டிக்கொள்ளப் போகிற இடத்தில் தார்நாக்கா சிக்னலில் அவர் போட்ட பிரேக்கில் என் கண்ணாடி முன் சீட்டுக்குப் போய்விட்டது.

ஏக் மினிட்டும் அப்போது திருடன் பக்கம்தான். காரணம் இன்ஸ்பெக்டரின் பெயர். 'ஞா' என்ற எழுத்தின் முன்னால் தார்நாக்கா முதல் பேகம்பேட் வரை உட்கார்ந்திருந்தான். "பேரையே இவ்ளோ கஷ்டமா வெச்சுக்கறவன் பொண்ணை எப்படி பாய் சுகமா வெச்சுப்பான்?" என்றான்.

ஐம்பதாம் பக்கத்தில் கீதாவைக் கிலி பிடித்தது. அவன் அதைக் கிளி என்று எடுத்துக்கொண்டு, கீதா ஒரு கிளியைப் பிடித்துவிட்டாள் என்று பஸ்ஸுக்கு அறிவித்தான். நான் அன்றைக்குப் பார்த்து மூன்று நாள் லீவு. அந்த மூன்று நாளும் எல்லாரும் கிளிக்காகக் காத்திருந்தார்கள். திருட்டைப் பார்த்த ஒரே சாட்சி அந்தக் கிளிதான் என்று கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி முடிவே கட்டிவிட்டாள். நான் வந்து கிலி என்றால் பயம் என்று விளக்கியதும், ஏக் மினிட் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, கிளி இல்லை, தவறு தன்னுடையது என்று அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டான். அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தான்.

போகும்போது ஒரு பக்கம், வரும்போது இரண்டு பக்கம். ஜுரத்திலும் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து படித்தான். சரியாக முடித்திருப்பான். கடைசி வாரத்தில் நாலு நாள் பந்த். பஸ் ஓடவில்லை. வீட்டில் தனியாக முயன்றவன் ஒரே பத்தியில் சிக்கிக்கொண்டான். சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா வருகிறது. பதினொரு பக்கம் பாக்கி.

முடிவை மட்டும் நான் சொல்கிறேன், முடித்துவிட்டதாகச் சொல், அவள் என்ன பரீட்சையா வைக்கப் போகிறாள் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், அமெரிக்க வரனே நான்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

துணைக்கு என்னையும் அழைத்துப் போனான். வித்யாவின் அப்பா ஊர், சம்பளம், வீட்டு வாடகை என்று வரிசையாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, அவன் அவளைப் பார்த்தான்.

"பதினொரு பக்கம் பாக்கிங்க. இங்கயே உக்காந்து படிக்கட்டுமா?"

அவள் ஜன்னலோரம் இருந்த நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டாள்.

பதினொன்றரைக்கு ஆரம்பித்தான். மதில்மேலிருந்து குதித்த பாலு தரையைத் தொட ஏழு நிமிடம் ஆயிற்று. ஞானப்பிரகாசம் துப்பாக்கியை எடுப்பதற்குள் குக்கர் மூன்று முறை கூவியது. அவன் திக்கும்போதெல்லாம் என் வாய் தன்னால் திறந்தது. வேண்டாமென்று வித்யா கண்ணால் தடுத்தாள். அவள் அம்மா கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றவர், சாம்பாரை மறந்து அப்படியே நின்றுவிட்டார். அப்பா தூங்கிப்போனார். நடுவில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, அவன் கையை உயர்த்தி அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னான். எனக்கோ பசியில் உயிர் போயிற்று.

ஆனால் ஒன்று கவனித்தேன். இன்ஸ்பெக்டரின் பெயர் வரும்போதெல்லாம் அவன் நிற்கவேயில்லை. தண்ணீர்போலப் போனான்.

இரண்டே முக்காலுக்குக் கீதா இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தாள். கதை முடிந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கதையில முடிச்சது சரியா?" என்று கேட்டாள் வித்யா.

அவன் அவசரப்படவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"தெரியலங்க. ஒருத்தன் நகை திருடினான், ஒருத்தன் அவனைப் புடிச்சான். நூத்தி அறுபது பக்கத்துல ரெண்டு பேருல ஒருத்தனும் உனக்கு யாரைப் பிடிக்கும்னு கீதாகிட்ட கேக்கல. கேட்டிருந்தா அவ என்ன சொல்லியிருப்பாளோ, அதுதான் சரி." புத்தகத்தை அவளிடம் நீட்டினான். "நான் கேக்கறேன். உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?"

வித்யா அப்பாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"அப்பா, நாளைக்கு வர்றவங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார். "கதை முடிஞ்சிடுச்சாம்மா?" என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். யாதகிரி வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து அவனைக் கட்டிக்கொண்டார். பாலு ஜெயிலுக்குப் போன வருத்தத்தில் பிறகு செகந்திராபாத் வரை யாரோடும் பேசவில்லை.

கல்யாணப் பத்திரிகையை என் மேஜைக்கே கொண்டுவந்து கொடுத்தான். உறைமேல் என் பெயரைத் தமிழில் தானே எழுதியிருந்தான். அத்தனை நேராக, அத்தனை அழுத்தமாக, குழந்தை வரைந்ததுபோல: 'பளனியப்பன்'.

"தப்பு ஏதாச்சும் இருக்கா பாய்?" என்று கேட்டான்.

ஒன்றுமில்லை என்றேன். ஏக் மினிட்டுக்கு மட்டும் நான் இன்றும் பளனியப்பன்தான். அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.